‘எலும்பு இல்லை’ என்றால் என்ன பொருள்?

“எலும்பு கரைஞ்சு போச்சாம். இனி இம்பிளான்ட் வைக்க ஏலாதாம். கட்டுப்பல்தானாம்.” வெள்ளவத்தைச் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்துகொண்டே ஒரு அன்ரி பக்கத்தில் நின்றவருக்குச் சொன்னார். சில கிழமை கழித்துக் கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாணப் பந்தியில் அதே வசனம், வேறு வாயிலிருந்து. “ஸ்கேன் எடுத்துப் பார்த்தீங்களா அக்கா?” என்று கேட்டேன். “அதெல்லாம் எதுக்கு? இந்த வயசில வேற என்ன இருக்கும்” என்றார்.

நான் பல் வைத்தியன் அல்லன். பிடுங்கிய கொடுப்புப் பல்லின் குழியை ஐந்து வருடம் சும்மா விட்டுவிட்டு, பிறகு இம்பிளான்டுக்காக (தாடையெலும்பில் பதித்துப் பல்லைத் தாங்கவைக்கும் திருகாணி) எலும்பு வைத்து மாதக்கணக்கில் காத்திருந்தவன். அதனால்தான் இந்தத் தீர்ப்போடு எனக்கு வழக்கு. அது தனியாகவும் வருவதில்லை, நாலைந்து காரணங்களைக் கூட்டிக்கொண்டுதான் வருகிறது.

முதலாவது, வயது. “வயசு போனால் கரையத்தானே செய்யும்.” இதற்கு மறுமொழி தேடி வெளிநாடு போகவேண்டியதில்லை, நம் மலையகத்திலேயே இருக்கிறது. ஹரால்ட் லோ என்ற நோர்வே ஆய்வாளரும் அவரது குழுவும் 1970இல் இங்கே தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். பல் துலக்கும் வழக்கம் இல்லாத, பல் வைத்தியம் கிடைத்திராத தமிழர்கள் அவர்கள். பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்து, 1986இல் முடிவை வெளியிட்டார்கள். 8 சதவீதத்தினருக்கு முரசு நோய் விறுவிறென்று பரவியது, 81 சதவீதத்தினருக்கு மிதமாக. மிச்சம் 11 சதவீதத்தினருக்கு முரசு வீங்கியதே தவிர, பல்லைப் பிடித்திருக்கும் பகுதி அழியவில்லை. எல்லாரும் ஒரே மலையில், ஒரே வேலையில், ஒரேமாதிரி துலக்காமல் வயதானவர்கள்தான். வயது மட்டும்தான் காரணம் என்றால் அந்தப் பதினொரு சதவீதத்தினரை எங்கே வைப்பது? (உலகத்துப் பல் வைத்திய மாணவர்கள் இன்றும் படிக்கும் பாடம் நம் தோட்டத் தொழிலாளரின் வாயிலிருந்து போனது. அந்த வாய்களுக்கு அதனால் என்ன திரும்பக் கிடைத்தது என்பது இன்னொரு கட்டுரைக்கான கேள்வி.)

எலும்பு போவதற்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, பல் இருக்கும்போதே முரசு நோய் அரிப்பது. மற்றது, பல்லைப் பிடுங்கிய பிறகு வருவது. பல்லைச் சுற்றியுள்ள எலும்பு பல்லுக்காகவே இருக்கிறது. பல் போனதும், முக்கியமாகக் கன்னப்பக்கத்து மெல்லிய சுவர், வேலையில்லாமல் கரையும். டென்மார்க்கில் 46 பேரிடம் செய்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 12 மில்லிமீற்றர் அகலமிருந்த தாடை மேடு, பல் பிடுங்கி ஒரு வருடத்தில் ஏறத்தாழ 6 மில்லிமீற்றராகச் சுருங்கியது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிட்டது. முப்பது வயதிலும் இது நடக்கும்.

“போனது போனதுதான், எலும்பு திரும்ப முளைக்குமா?” என்பது அடுத்தது. முளைக்கும், ஆனால் வெறும் காற்றில் முளைக்காது. பயற்றங்கொடிக்குப் பந்தல் போடுகிற மாதிரி, எலும்புத் துகள்களைக் குறைந்த இடத்தில் நிரப்பினால் பக்கத்து எலும்பின் உயிரணுக்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஊர்ந்து வரும். தடை ஒன்றுதான். முரசுத் தசை எலும்பைவிட வேகமாக வளர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் நடுவே ஒரு மெல்லிய சவ்வை வைத்து அதைத் தடுக்கிறார்கள். 1980களில் சுவீடனின் கோத்தன்பர்க்கில் உருவான இந்த வழி இன்று சாதாரண சிகிச்சை. நாலு மாதம் முதல் ஒன்பது மாதம் வரை காத்திருக்க வேண்டும். மேல்தாடையில் கொடுப்புப் பல்லுக்கு மேலே உள்ள காற்றறையின் சவ்வைச் சற்றுத் தூக்கி, அதன் கீழே எலும்பு வைக்கும் முறையும் பழையதுதான். அதை 1980லேயே எழுதி வெளியிட்டுவிட்டார்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அகலத்தைக் கூட்டுவது எளிது, உயரத்தைக் கூட்டுவது கடினம். உயரம் மிகக் குறைந்த கீழ்த்தாடையைப் பார்த்துக் கைதேர்ந்தவர்களே யோசிப்பார்கள். ஆனால் ‘கடினம்’ என்ற சொல் சந்தைக்கு வந்து சேரும்போது ‘ஏலாது’ ஆகிவிடுகிறது.

மூன்றாவது எதிர்ப்பைத்தான் நான் மதிக்கிறேன். “மாட்டெலும்பை வைப்பாங்களாம். சைவக்காரர் எப்படி?” இது வதந்தியல்ல. உலகம் முழுக்க அதிகம் பயன்படும் துகள்களில் ஒரு வகை மாட்டெலும்பைப் பதப்படுத்திச் செய்ததுதான். உயிர்ப்பொருளையெல்லாம் நீக்கித் தாதுப் பகுதியை மட்டும் விட்டிருப்பார்கள். மேலே வைக்கும் சவ்வு பல சமயம் பன்றியின் கொலாஜன். இதைக் கேட்டு வெள்ளவத்தை முகம் சுளித்தால், கொட்டாஞ்சேனையைத் தாண்டி மட்டக்குளியில் இருக்கும் முஸ்லிம் நண்பரும் சுளிப்பார். நியாயம்தான். சொல்லாமல் வைப்பதுதான் அநியாயம்.

ஆனால் அதிலிருந்து ‘எனக்கு இது ஆகாது’ என்ற முடிவுக்குத் தாவ வேண்டியதில்லை. ஞானப்பல்லுக்குப் பின்னாலோ நாடியிலோ இருந்து உங்கள் சொந்த எலும்பையே எடுத்து வைக்கலாம். எந்த மிருகமும் சம்பந்தப்படாத, கல்சியம் பொஸ்பேற்றால் செய்த செயற்கைத் துகளும் உண்டு. இறந்தவர் தானமாகத் தந்த மனித எலும்பும் உண்டு. அப்படித் தானமாக வரும் இழையங்களைப் பதப்படுத்தி, காமாக் கதிரால் கிருமி நீக்கும் மனித இழைய வங்கி ஒன்று கொழும்பு 7, வித்தியா மாவத்தையில் 1996 முதல் இருக்கிறது. ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கத்தின் வழி வந்தது அது. கண்ணை உலகத்துக்கு அனுப்பிய நாட்டில் எலும்புத் தானத்தைப் பற்றி நாம் கதைப்பதே இல்லை.

ஆக, கேட்கவேண்டியது, “இந்தத் துகள் எதிலிருந்து வந்தது, சவ்வு எதிலிருந்து?” பெட்டியிலேயே எழுதியிருக்கும். காட்டச் சொல்லுங்கள்.

“எனக்குச் சீனி வருத்தம், எனக்கு வேண்டாம்.” கட்டுப்பாட்டில் இருக்கும் சீனி தடை இல்லை. கட்டுக்கு அடங்காத சீனியும் சிகரெட்டும்தான் வைத்த எலும்பைக் கெடுக்கும். எலும்பு அடர்த்தி குறையும் நோய்க்கு ஊசியோ கிழமைக்கொரு குளிசையோ எடுக்கிறவர்கள்தான் முதல் நாளே அதைச் சொல்லவேண்டும். அந்த மருந்து வகைக்கும் தாடையெலும்பு இறந்துபோவதற்கும் உள்ள தொடர்பை 2003லேயே எச்சரித்துவிட்டார்கள். கல்சியம் குளிசை குடித்தால் தாடை வளரும் என்பதற்கு ஒரு வரி போதும்: வளராது.

கடைசியாக, “அப்ப எலும்பு வைச்சே ஆகவேணும்.” இது தீர்ப்பின் மறுபக்கம், பணக்காரப் பக்கம். அதுவும் எப்போதும் சரியல்ல. நீளம் குறைந்த இம்பிளான்ட்கள் இருக்கின்றன. போர்த்துக்கலின் பாவுலோ மாலோ, பின்பக்க எலும்பைத் தொடாமல், நாலு திருகாணியில் பின்னிரண்டைச் சாய்த்து வைத்து முழு வரிசைப் பல்லையும் தாங்கவைத்தார். கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாதவருக்கு இரண்டே இம்பிளான்டில் கொளுவும் கட்டுப்பல்தான் முதல் தெரிவாக இருக்கவேண்டும் என்று கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் 2002இல் முடிவு சொன்னார்கள். அந்த அன்ரிக்குத் தேவைப்பட்டது அதுவாகவே இருக்கலாம்.

அவர் ஆறுதலாகச் சொன்ன ‘கட்டுப்பல்தான்’ பாதுகாப்பான மூலையும் அல்ல. முரசின் மேல் குந்தியிருக்கும் கட்டுப்பல்லுக்கடியில் எலும்பு தொடர்ந்து குறைந்துகொண்டே போகும். கட்டுப்பல் அணிந்தவர்களை 25 ஆண்டு தொடர்ந்து பார்த்த டால்கிரன் என்ற ஆய்வாளர், மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை ஏறத்தாழ நாலு மடங்கு கூடுதலாகக் குறைவதை 1972இல் காட்டினார். இரண்டு வருடத்துக்கொருமுறை ‘செட் ஆடுது’ என்று திரும்பிப் போகிறவர்களுக்கு இது புதுச்செய்தி அல்ல.

செலவு என்ற எதிர்ப்புக்கு என்னிடம் மறுப்பில்லை. இம்பிளான்டும் எலும்பும் தனியார் கிளினிக்கில் பெரும் காசு. வார்ட் பிளேஸில் தேசிய பல் வைத்தியசாலைக்குப் போய்க் கேட்டுப் பார்ப்பதற்கு மட்டும் காசு தேவையில்லை. ஆனால் ‘காசில்லை’ என்பது வேறு, ‘எலும்பில்லை’ என்பது வேறு. இரண்டாவதைச் சொல்லி முதலாவதை மறைப்பது நம் ஊர்க் கௌரவம்.

எலும்பு அதிகம் கரைவது பல் பிடுங்கிய முதல் மூன்று மாதத்தில். ஆகவே இம்பிளான்ட் யோசிக்கும்போது அல்ல, பல்லைப் பிடுங்கப் போகும் அன்றைக்கே கதிரையில் இருந்தபடி கேளுங்கள்: “டொக்டர், இந்தக் குழியை இப்பவே நிரப்பலாமா?”