உளப்பிறழ்வின் முதல் மாதங்களும் நீலகிரி மலையும்

பிறர் காதில் விழாத குரல்கள் ஒருவருக்குக் கேட்பதும், தன்னை எவரோ ஓயாமல் கண்காணிக்கிறார்கள் என்பது போன்ற அசைக்க முடியாத நம்பிக்கைகள் வேர்விடுவதும், பேச்சும் சிந்தனையும் கோவை இழப்பதுமாக, நடப்புலகின் மீதுள்ள பிடிப்பு தளர்ந்துபோகும் நிலையை மருத்துவம் உளப்பிறழ்வு என்கிறது. மனச்சிதைவு நோய் அதன் ஒரு வடிவம் மட்டுமே. பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதிக்கும் முப்பது வயதுக்கும் இடையில், படிப்போ வேலையோ திருமணமோ கூடிவரும் பருவத்தில் அது முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. முதல் அறிகுறிக்கும் முறையான சிகிச்சையின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட நாட்களைச் ‘சிகிச்சை பெறாக் காலம்’ என்று குறிப்பிடும் ஆய்வாளர்கள், அது நீள நீளக் குணமடைவது கடினமாகிறது என்பதில் ஏறக்குறைய ஒருமித்த கருத்துடையவர்கள். 1992-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் பேட்ரிக் மெக்காரியும் அவருடைய குழுவினரும் இளையோருக்கெனத் தனிச் சேவையைத் தொடங்கியதும், இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2016-இல் இத்தகையோரில் குறைந்தது பாதிப் பேருக்கேனும் பரிந்துரை பெற்ற இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று காலவரம்பு விதித்ததும் இந்த அறிவின் விளைவுகளே. நீலகிரியில் இந்தக் காலவரம்பை எட்ட முடியுமா என்பதற்கான விடை, எத்தனை மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பதைக் காட்டிலும், நோயுற்றவரை முதலில் பார்ப்பவர் யார், பார்த்தபின் அவரால் என்ன செய்ய முடிகிறது என்பவற்றையே பெரிதும் சார்ந்துள்ளது.

தமிழ்நாட்டில் இதற்கான ஆய்வு அடித்தளம் வலுவானதுதான். மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆய்வு அமைப்பான ‘ஸ்கார்ஃப்’ பங்கேற்ற இரண்டு ஆய்வுகள் இங்கே குறிப்பிடத்தக்கவை. முதலாவது, 2014-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான, மூன்று இடங்களில் நடந்த சமூகச் சிகிச்சை ஆய்வு. பயிற்சி பெற்ற உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே சென்று நோயை விளக்கி, மருந்து தவறாமல் பார்த்துக்கொண்டு, வேலைக்கும் அரசு உதவித்தொகைக்கும் வழிகாட்டினால், மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும் ஓராண்டில் ஓரளவு கூடுதல் முன்னேற்றம் கிடைக்கிறது என்று அது காட்டியது. அந்தப் பலன் தமிழ்நாட்டின் கிராமப்புறத் தளத்திலேயே மிகத் தெளிவாக வெளிப்பட்டது. ஆயினும் அதில் சேர்க்கப்பட்டவர்கள் ஓராண்டுக்கு மேல் நோயுற்றிருந்தவர்கள். இரண்டாவது, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, முதன்முறையாக உளப்பிறழ்வுக்கு ஆளான இளையோரைச் சென்னையிலும் மான்ட்ரியாலிலும் இரண்டாண்டுகள் பின்தொடர்ந்த ஒப்பீடு. செயலூக்கம் குன்றுதல், உணர்ச்சி மங்குதல், ஒதுங்கிக்கொள்ளுதல் ஆகிய அறிகுறிகளில் சென்னை நோயாளிகள் கூடுதலாகத் தேறினர். குடும்பத்தார் சிகிச்சையில் நெருங்கிப் பங்கேற்றது அதற்கு ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது. ஆனால் அது மாநகர மருத்துவமனை ஒன்றைச் சுற்றி அமைந்த சேவை. ஆக, ஊரகம் பற்றிய சான்று நாட்பட்ட நோய்க்கானதாகவும், தொடக்கநிலை பற்றிய சான்று நகரத்துக்கானதாகவும் பிரிந்து நிற்க, தொடக்கநிலை நோயும் தொலைதூர வாழ்க்கையும் ஒன்றுசேரும் நீலகிரி போன்ற நிலப்பகுதி இரண்டுக்கும் நடுவே விடுபட்டுப்போகிறது.

மலையின் அமைப்பு இந்த விடுபடலை ஆழமாக்குகிறது. கூடலூரிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை. பந்தலூர், சேரம்பாடிப் பக்கத்திலிருந்து புறப்படுவோருக்கு அதற்கும் மேல். மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் முழுதும் கழிகிறது. உடன் செல்பவரின் கூலியும் போகிறது. யானை நடமாட்டமுள்ள பகுதிகளில் இருட்டுவதற்குள் வீடு திரும்பியாக வேண்டும். காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ இந்தச் சிரமத்தை ஏற்கும் குடும்பம், பையன் அறையை விட்டு வெளியே வராமல் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பதற்காக உடனே ஏற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. மேலும், மலையின் இளையோர் பலர் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்கோ படிப்புக்கோ இறங்கிச் செல்பவர்கள். அங்கே நோய் தொடங்கினால், ஒரு மருத்துவரிடம் தொடங்கிய மருந்து வீடு திரும்பியதும் அறுந்துபோகிறது.

தேயிலைத் தோட்டங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. லைன் வீடு என்பது வேலையோடு பிணைந்த வீடு. ஓய்வு பெற்றாலோ வேலையை விட்டாலோ அதைக் காலி செய்ய நேர்கிறது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, ‘டான்டீ’ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில் குடியமர்த்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்களும் இந்த நிலையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் அல்லர். தாயும் தந்தையும் கொழுந்து பறிக்கப் போனால்தான் வீடு நிலைக்கும் என்றிருக்கும் இடத்தில், நோயுற்ற மகனைக் குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்று எழுதிவைப்பது எளிது; பகல் முழுதும் அவன் தனியே இருப்பான் என்பதே உண்மை. இந்தியக் குடும்பத்தின் அரவணைப்பைப் புகழும் கட்டுரைகள் பல, அரசு செய்ய வேண்டிய செலவைக் குடும்பத்தின் கணக்கில் எழுதிவிடுகின்றன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மருந்தும் இந்தச் சூழலில்தான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஒலான்சபின் போன்ற மருந்துகள் தூக்கக்கலக்கத்தையும் உடல் எடையையும் கூட்டக்கூடியவை. காலையில் செங்குத்தான சரிவில் ஏறி நிற்க வேண்டியவர், கலக்கம் தாங்காமல் மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டால் அதை ‘ஒத்துழையாமை’ என்று குறிப்பேட்டில் எழுதுவதால் பயனில்லை. அளவைக் குறைத்தோ, வேளையை மாற்றியோ, வேறு மருந்துக்கு மாறியோ சரிசெய்வதற்கு வாரந்தோறும் நேரில் பார்க்கும் ஒருவர் தேவை.

அப்படிப் பார்க்கும் ஏற்பாடு மலைக்குப் புதியதன்று. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தோட்ட அதிபர்களின் அமைப்பான ‘உபாசி’, 1970-களில் தொடங்கிய தொழிலாளர் நலத் திட்டத்தில், தொழிலாளர்களிடையேயிருந்தே இணைப்புப் பணியாளர்களைத் தேர்ந்தெடுத்துத் தாய்–சேய் நலச் செய்திகளை லைன் வீடுகளுக்குக் கொண்டுசென்றது. கூடலூரில் 1980-களின் பிற்பகுதியில் ‘அக்கார்டு’ தொண்டு அமைப்பின் சுகாதாரப் பணியாகத் தொடங்கி, பின்னர் ‘அஸ்வினி’ என்னும் தனி அமைப்பாக வளர்ந்த முயற்சி இன்னும் ஆழமானது. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் ஆகிய சமூகங்களைச் சேர்ந்த பெண்களே செவிலியர்களாகவும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்சி பெற்று, பகுதி மையங்களின் வழியாகக் குடியிருப்புகளையும் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையையும் இணைக்கின்றனர். மரபுவழி வரும் அரிவாளணுச் சோகையை, அதாவது சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து கடும் வலியை உண்டாக்கும் வாழ்நாள் நோயை, இந்த அமைப்பு ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து வருகிறது. ஊசியும் மாத்திரையும் முடிந்த பின்னும் ஒருவரை விடாமல் பார்க்கும் இந்தப் பழக்கம்தான் உளப்பிறழ்வுச் சிகிச்சைக்கும் வேண்டப்படுவது.

உள்ளூர்ப் பணியாளரின் தனிப்பயன் இன்னொன்றும் உண்டு. காட்டிலுள்ள முன்னோர் ஆவி பேசியது என்று ஒருவர் சொன்னால், அது அச்சமூகம் முழுதும் பகிர்ந்துகொள்ளும் நம்பிக்கையா, அச்சமூகத்துக்கே விசித்திரமாகப் படும் பேச்சா என்பதை உதகையிலோ கோவையிலோ அமர்ந்திருக்கும் மருத்துவரால் எளிதில் பிரித்தறிய முடியாது. ஊர்ப் பெரியவர்களோ, ‘இவன் முன்பு இப்படி இல்லை’ என்று மாதங்களுக்கு முன்பே சொல்லியிருப்பார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் முதன்முறை நோயுற்றவர்களிடம் கேட்டறிந்தபோது, செய்வினை, கர்மவினை, நோய் என்ற விளக்கங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை ஒரே மனிதர் ஒரே வேளையில் ஏற்பது வெளிப்பட்டது. ஆகவே குடும்பத்தை, மனநோயாளிகளை அழைத்துச் செல்லும் குணசீலம் கோயிலுக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ போகாதே என்று தடுப்பதைவிட, போய்வரும் நாட்களிலும் மாத்திரை தொடரும்படி பார்த்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. நோயுற்றவரைக் கட்டிவைக்கும் இடம் மட்டுமே விலக்கு. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மடிந்த பிறகு, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றாகத் தடைசெய்த பிறகு, அதில் பேச்சுக்கே இடமில்லை.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஒரே வரிசையில் வாழும் இணைப்புப் பணியாளருக்குத் தெரிவது, லைன் முழுதும் தெரிவதற்குச் சமம், திருமண வயதுப் பெண்ணின் குடும்பம் இதற்கு அஞ்சியே வாய் திறக்காது. இந்த அச்சம் பொய்யன்று. எனவே நோயின் பெயரும் கோப்பும் செவிலியரோடு நிற்க, ஊர்ப் பணியாளர் ‘தூக்கமில்லை, சாப்பாடு இல்லை, ஒதுங்கியிருக்கிறார்’ என்ற அளவில் மட்டும் தெரிவிப்பதும், வீட்டுக்கு வருகிறவர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வருபவராகவே வருவதும் பொருத்தமாக இருக்கும்.

அதற்கான ஆட்களும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் செல்கின்றனர். மாவட்ட மனநலத் திட்டம் செயல்படுகிறது. ‘டெலிமானஸ்’ மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலும் பேசலாம். 2025 ஏப்ரலில் உதகையில் 700 படுக்கைகளுடன் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பழங்குடியினருக்கெனத் தனிப் பிரிவு உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு வீட்டுவழி மறுவாழ்வையும் அரசின் கடமைகளில் சேர்த்திருக்கிறது. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே இயங்க, முதல் அறிகுறியைக் கண்டவர் யாரை அழைப்பது, எத்தனை நாட்களுக்குள் யார் வீட்டுக்கு வருவது என்பது மட்டும் எவருடைய பொறுப்பாகவும் இல்லாமல் போகக்கூடாது. மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறை கூடலூருக்கும் பந்தலூருக்கும் குறித்த கிழமைகளில் வருவதும், அங்கு தொடங்கிய மருந்து அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதந்தோறும் தடையின்றிக் கிடைப்பதும் முதல் தேவைகள். மாதாந்திர அறிக்கையில் புறநோயாளிகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், ஒவ்வொரு புதியவருக்கும் முதல் அறிகுறியிலிருந்து எத்தனை வாரங்கள் கடந்தன என்று பதியும் கட்டம் ஒன்றைச் சேர்த்தால், பந்தலூரின் எண் குன்னூரின் எண்ணிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பது ஓராண்டுக்குள் தெரிந்துவிடும். குழுவின் வாகனம் முதலில் எந்தச் சாலையில் செல்ல வேண்டும் என்பதை அந்த எண்ணை வைத்து முடிவு செய்யலாம்.