ஐந்தாவது வந்தவளுக்கும் ஒரு நேரம் உண்டு



நம்ம பள்ளி விளையாட்டு விழா நல்லபடியாக முடிந்தது. ஜெயிச்சவங்க பெயர் எல்லாம் நோட்டீஸ் போர்டில் இருக்கு. அவர்களுக்கு என் வாழ்த்துக்கள். நான் எழுத வந்தது போர்டில் பெயர் வராதவங்களைப் பற்றி.

முதலில் ஒரு பொது அறிவுக் கேள்வி. ஆசிய விளையாட்டுப் போட்டி முதன்முதலாக எங்கே நடந்தது? நம்ம நாட்டில்தான். 1951 மார்ச் 4 முதல் 11 வரை டெல்லியில் நடந்தது. நாடு சுதந்திரம் வாங்கி அப்போது நாலு வருஷம்கூட முடியவில்லை. 11 நாடுகள் கலந்துகொண்டன. அதில் ஆண்கள் 100 மீட்டர் ஓட்டத்தில் முதலில் வந்தவர் லேவி பிண்டோ என்ற இந்தியர். 200 மீட்டரிலும் அவருக்கே தங்கம். அதுக்குப் பிறகு 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த போட்டி வரைக்கும், ஆசிய விளையாட்டில் ஆண்கள் 100 மீட்டர் தங்கத்தை வேறு எந்த இந்தியரும் வாங்கவில்லை.

அந்த 100 மீட்டரை அவர் ஓடிய நேரம் 10.8 விநாடி. செயற்கை ஓடுதளம் எல்லாம் வராத காலம் அது. என் தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது நடந்த ஓட்டம். அதன் நேரம் இன்றைக்கு வன்னியம்பட்டியில் இருக்கிற எனக்கு எப்படித் தெரியுது? கோட்டுப் பக்கத்தில் நின்ற ஒருத்தர் ஸ்டாப் வாட்சை அமுக்கி, அதை ஒரு தாளில் எழுதி வைத்தார். அவ்வளவுதான். அது எழுதி இருப்பதால்தான் 2025-ல் அனிமேஷ் குஜூர் 10.18 விநாடியில் ஓடியபோது நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கோம் என்று பார்க்க முடிந்தது. அப்போது கையால் அமுக்கிய கடிகாரம், இப்போது மின்னணுக் கருவி. அதனால் சரியாகக் கழித்துப் பார்க்க முடியாது. ஆனாலும் அரை விநாடிக்கு மேல் குறைக்க நமக்கு 74 வருஷம் ஆகியிருக்கு என்று தெரியுது.

சரி, அவர் முதலில் வந்தவர், அதனால் எழுதி வைத்தார்கள் என்று நீங்கள் சொல்லலாம். அப்படி இல்லை. மில்கா சிங்கைப் பாருங்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் அவர் நாலாவது. மூன்றாவது வந்த தென்னாப்பிரிக்காவின் மால்கம் ஸ்பென்ஸ் 45.5 விநாடி, இவர் 45.6 விநாடி. மெடல் கிடைக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தை யாரும் அழித்துவிடவில்லை. அதுவே இந்திய சாதனையாக 1998 வரை, 38 வருஷம் நின்றது. அந்த வருஷம் பரம்ஜித் சிங் வந்துதான் அதை முறியடித்தார்.

இன்னொருத்தர் நம்ம தமிழர். மலேசியாவைச் சேர்ந்த டாக்டர் மணி ஜெகதீசன். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கியவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் அரையிறுதி வரைதான் அவரால் போக முடிந்தது. ஆனால் அங்கே அவர் ஓடிய 20.92 விநாடியை மலேசியாவில் 2017 வரை யாரும் தாண்டவில்லை. 49 வருஷம்! இறுதிப் போட்டிக்கே போகாதவரின் நேரம் ஒரு நாட்டுக்கே சாதனையாக இருந்திருக்கு.

இப்போது நம்ம மைதானத்துக்கு வருவோம். நான் போன வருஷம் 100 மீட்டரில் ஐந்தாவது. இந்த வருஷமும் ஐந்தாவது. போன வருஷத்தைவிட வேகமாக ஓடினேனா, மெதுவாக ஓடினேனா? எனக்கே தெரியாது. போன வருஷம் கூட ஓடியவங்க வேறு, இந்த வருஷம் ஓடியவங்க வேறு. ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர் எழுதி, விசில் ஊதி, அடுத்த போட்டிக்குக் கூப்பிட்டு விடுகிறார்கள். நேரம் யாருக்கும் எழுதுவதில்லை, முதலில் வந்த அக்காவுக்கும்கூட.

பரீட்சையில் முதல் மூன்று ரேங்க் மட்டும் சொல்லிவிட்டு, யாருக்கும் மார்க் போடாமல் பேப்பரைக் கட்டி வைத்தால் ஒத்துக்கொள்வோமா? காலாண்டில் 38 வாங்கியவள் அரையாண்டில் 52 வாங்கினால் டீச்சர் 'வெரிகுட்' போடுறாங்க. அவள் ரேங்க் மாறியிருக்காது. ஆனாலும் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருக்கு. ஓட்டத்தில் மட்டும் அந்தச் சந்தோஷம் மூன்று பேருக்குத்தான் என்றால் அது நியாயமா?

விழா முடிந்து வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாங்க, "என்னடி, இந்தத் தடவையும் ஒண்ணும் இல்லையா?" அப்புறம் சொன்னாங்க, "அடுத்த வருஷம் பத்தாவது. ஓட்டமெல்லாம் போதும், படிக்கிற வழியைப் பாரு." அம்மா மேல் தப்பு இல்லை. எவர்சில்வர் கிண்ணமும் இல்லை, சான்றிதழும் இல்லை, நான் எதைக் காட்டுவேன்? "போன வருஷத்தைவிட ஒரு விநாடி குறைச்சிருக்கேம்மா" என்று சொல்ல என் கையில் ஒரு நம்பர்கூட இல்லை. என்னை மாதிரி எத்தனை பிள்ளைகள் இப்படியே ஓட்டத்தை விட்டிருப்பாங்க!

என் யோசனை இதுதான். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஸ்டாப் வாட்ச் இல்லாவிட்டால் ஆசிரியர்களின் செல்போனிலேயே இருக்கு. டேப் பிடித்து 100 மீட்டரைச் சரியாக அளந்து சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். விழா அன்றைக்கு நேரம் இருக்காது. அதனால் பி.டி. பீரியடில் இரண்டு இரண்டு பேராக ஓடலாம். ஜூனில் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை எழுதினால் போதும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். விசில் சத்தத்தைக் கேட்டு வாட்சை அமுக்கக் கூடாது. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்று அறிவியலில் படிக்கிறோம். 100 மீட்டர் தள்ளி நிற்பவர் காதுக்கு வர ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும். அதனால் கொடி இறங்குவதைக் கண்ணால் பார்த்து அமுக்க வேண்டும். அந்த 0.3 விநாடி சின்னது இல்லை. மில்கா சிங்குக்கு மெடல் போனது 0.1 விநாடியில்.

மெதுவாக ஓடுகிற பிள்ளைகளுக்கு இது கேவலமாக இருக்காதா என்று என் தோழி கேட்டாள். நல்ல கேள்விதான். நானும் யோசித்தேன். நோட்டைச் சுவரில் ஒட்ட வேண்டாம், சத்தமாகவும் படிக்க வேண்டாம். அவரவர் நேரத்தை அவரவர் வந்து பார்த்துக்கொள்ளட்டும். விழா அன்றைக்கு அதிகமாக நேரம் குறைத்த ஒருத்தருக்கு மட்டும் ஒரு கைத்தட்டல் கொடுத்தால் போதும். அவள் கடைசியில் வந்தவளாகவும் இருக்கலாம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு பெரியவங்க சொல்வாங்க. ஆனால் இந்த ஏட்டில் எழுதுகிற நம்பர் காலுக்கு உதவும்.

தலைமை ஆசிரியர் அவர்களும் பி.டி. ஆசிரியர் அவர்களும் இதை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த நாற்பது பக்க நோட்டை நானே வாங்கித் தருகிறேன். இது என் கருத்து. சரியோ தப்போ, உங்கள் கருத்தையும் அடுத்த சுவர் இதழுக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஐந்தாவது வந்த
9-ஆம் வகுப்பு மாணவி