பேட்டரியும் ட்ரையல் பேலன்ஸும்

பி.காம் படிக்கிறவனுக்கு பேட்டரியில் என்ன வேலைன்னு கேட்கிறீங்களா? கணக்கு எழுதப் படித்தவனுக்குத்தான் இந்த விஷயம் சட்டென்று புரியும். எப்படின்னு சொல்றேன்.

ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமா? இல்லை. ஒரு பற்றில் நூறு ரூபாய் கூடி, இன்னொரு பற்றில் நூறு ரூபாய் குறைந்திருந்தாலும் டேலி ஆகும். ஈடுசெய் பிழைன்னு பிளஸ் ஒன்னிலேயே படித்தோம். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரிக்குள்ளும் இதே பிழை நடக்கும். கணக்கில் நடந்தால் ஆடிட்டர் திட்டுவார். பேட்டரியில் நடந்தால் தீப்பிடிக்கலாம்.

48 வோல்ட் பேட்டரி என்று விற்பது ஒரே பேட்டரி கிடையாது. பெரும்பாலும் 3.7 வோல்ட் லித்தியம் அயான் செல்கள், 13 வரிசையாகக் கோர்த்தது. ஒரு செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். 13-க்கும் சேர்த்து 54.6. சாதாரண சார்ஜருக்குத் தெரிவது இந்தக் கூட்டுத்தொகை மட்டும்தான். இப்போ 12 செல் 4.18-ல் நிற்கிறது, ஒன்று மட்டும் 4.44-க்குப் போய்விட்டது என்று வையுங்கள். 50.16 கூட்டல் 4.44... அதே 54.6. டேலி! சார்ஜர் பச்சை விளக்கு காட்டிவிடும். உள்ளே அந்த ஒரு செல்லில் லித்தியம் உலோகமாகப் படிந்து, வாயு சேர்ந்து, சூடு ஏறிக்கொண்டிருக்கும்.

இதைத் தடுக்கத்தான் பி.எம்.எஸ் என்கிற சின்ன போர்டு. அதற்கு முக்கியமாக இரண்டு வேலை. ஒன்று பாதுகாப்பு: ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து, ஏதாவது ஒன்று எல்லை தாண்டினால், ஷார்ட் ஆனால், சூடானால் இணைப்பைத் துண்டிப்பது. இன்னொன்று பேலன்ஸிங்: அதிகம் ஏறிய செல்லின் மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக வெப்பமாகக் கழித்து, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது. ஒரு செல்லில் எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்கும் ஆக்டிவ் முறையும் உண்டு. செலவு கூட.

மலிவான போர்டுகளில் முதல் வேலை மட்டும் இருக்கும், இரண்டாவது இருக்காது. அப்போ என்ன ஆகும்? சார்ஜ் போடும்போது அதிகம் ஏறிய செல் முதலில் நிரம்பி எல்லோரையும் நிறுத்திவிடும். ஓட்டும்போது குறைவாக இருக்கும் செல் முதலில் காலியாகி வண்டியையே நிறுத்திவிடும். 60 கிலோமீட்டர் ஓடிய வண்டி 35-க்கு வந்துவிடும். ‘போர்டுதான் கோளாறு, நேரா கனெக்ஷன் கொடுத்துடலாம்’ என்று சில மெக்கானிக்குகள் பைபாஸ் பண்ணுவது இங்கேதான் ஆரம்பிக்கிறது. அதாவது ஆடிட்டர் தப்பு கண்டுபிடித்தார் என்பதற்காக ஆடிட்டரையே வெளியே அனுப்புவது!

நல்ல செல்லாகப் போட்டால் பேலன்ஸிங் எதற்கு என்று கேட்கலாம். புதிதாக இருக்கும்போது நியாயமான கேள்வி. ஆனால் பேக்கின் நடுவில் இருக்கும் செல் ஓரத்தில் இருப்பதைவிட அதிகம் சூடாகிறது. தானாகக் குறையும் அளவும் செல்லுக்குச் செல் மாறும். நாள் ஆக ஆக விலகல் வந்தே தீரும். அதேசமயம் பேலன்ஸிங் ஒன்றும் மந்திரமில்லை. செத்துப்போன செல்லை அது உயிர்ப்பிக்காது.

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து அப்பாவும் மகளும் இறந்தார்கள். அதற்கு பேலன்ஸிங்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வருஷம் வரிசையாக நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான் மத்திய அரசு ஏ.ஐ.எஸ் 156 விதியைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பர் 1-ல் ஒரு கட்டம், 2023 மார்ச் 31-ல் இன்னொரு கட்டம். பி.எம்.எஸ்-க்கும் அதில் நிபந்தனைகள் உண்டு. நல்ல விஷயம். ஆனால் அது கம்பெனி விற்கும் வண்டிக்குச் சான்று கொடுக்கிற விதி. சில வருஷம் கழித்து தெருமுனைக் கடையில் செல் வாங்கிக் கோர்த்து மாட்டும் பேக்கை யார் சோதிக்கிறார்கள்?

என் கருத்து இதுதான். பேட்டரி பில்லில் வோல்ட், ஆம்பியர் ஹவர், வாரண்டி மட்டும் போதாது. பேலன்ஸிங் உண்டா இல்லையா என்று எழுதணும். முழு சார்ஜில் 13 செல்லின் வோல்டேஜையும் தனித்தனியாக அளந்து எழுதித் தரணும். ஒரு மல்டிமீட்டரும் ஐந்து நிமிஷமும் போதும். செல்களின் விலையோடு ஒப்பிட்டால் நல்ல போர்டின் விலை சின்னத் தொகை. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது இல்லை.

வெறும் கூட்டுத்தொகையை மட்டும் காட்டினால் நம்ம கணக்கு வாத்தியார் மார்க் போடுவாரா? பேட்டரி விற்கிறவருக்கு மட்டும் நாம ஏன் போடணும்?