ஹீத் துரையின் இரும்பு உரிமை

தருமபுரி வரலாற்றைப் பேசுவோர் மன்றோவில் தொடங்கி மன்றோவிலேயே முடிப்பது வழக்கமாகிவிட்டது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகாலைப் பெற்ற கும்பினி, ரீடையும் அவருக்குத் துணையாக மன்றோவையும் அங்கே அமர்த்தியது. மன்றோ தருமபுரியில் தங்கினார், நிலம் அளக்கப்பட்டது, ரயத்துவாரி பிறந்தது. இருக்கட்டும். நிலத்தின்மேல் விளைந்ததற்கு இத்துணைக் கணக்கு எழுதிய ஆட்சி, அந்நிலத்தின் இரும்பை யாருக்குக் கொடுத்தது? இதைக் கேட்பார் இல்லை, நாம் கேட்கிறோம்.

அந்நாளில் தருமபுரி சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தது. 1965-இல்தான் தனி மாவட்டமாயிற்று. அரூர்ப் பக்கத்துத் தீர்த்தமலையிலும் சேலத்துக் கஞ்சமலையிலும் இரும்புக்கல் மிகுதி. சிறு மண்ணுலையில் கரியிட்டு, துருத்தி ஊதி, அதை உருக்கிய குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன.

அப்பகுதியில் கும்பினியின் வணிக அதிகாரியாக இருந்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். 1825-இல் அவர் பதவி துறந்தார். ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமை, சென்னை மாகாணம் முழுமைக்கும், அவர் கைக்கு வந்தது. சர்க்கார் முன்பணமும் கொடுத்தது. 1830-இல் பரங்கிப்பேட்டையில் உலைகள் எழுந்தன. ஆம், மரக்காயர்களின் கப்பல்கள் வந்து போன மஹ்மூது பந்தரேதான்.

அவர் முன்னோடி, துணிந்தவர், பாவம் நொடித்துப் போனார் என்று எழுதுவோர் உண்டு. அவர் துணிவை நாம் மறுக்கவில்லை. கையூட்டு வாங்கினார் என்றும் நாம் கூறவில்லை. நம் வழக்கு வேறு. சர்க்கார் சம்பளத்தில் ஊரை அறிந்தவர் அந்த அறிவையே முதலாக்கிக்கொண்டார். நேற்றுவரை தம் எசமானராக இருந்தவரிடமே உரிமையும் பணமும் பெற்றார். தனியுரிமை என்றால் இன்னொருவரை விலை கேட்க வேண்டியதில்லை என்பதுதானே பொருள்? மலையும் காடும் வரிப்பணமும் ஆள்வோர் கையில் அமானிதம். அதைப் பழைய சகாவுக்குப் பங்கு வைப்பதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நாட்டு உலைகளை யாரும் தடுக்கவில்லையே என்பர். சட்டத்தில் தடுக்கவில்லை, உண்மைதான். ஆனால் பரங்கிப்பேட்டை உலைகளும் கரியையே தின்றன. காடு ஒன்று, கேட்பவர் இருவர். ஒருவர் பின்னே சர்க்கார் நின்றது. மற்றவர் தலைமீது தொழில்வரியாகிய மொதர்பா இருந்தது. இதற்குப் போட்டி என்று பெயரா?

இத்தனை சலுகையிருந்தும் ஆலை தழைக்கவில்லை. 1860-களில் உலைகள் அவிந்தன. ஹீத்தோ இங்கிலாந்து சென்று, எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் அதைச் சிறிது மாற்றி, அவருக்குப் பணம் தராமலே பயன்படுத்தினர். தம் உரிமை பறிபோனதென்று ஆண்டுக்கணக்கில் வழக்காடி, 1851-இல் வறுமையில் இறந்தார். பிறர் உழைப்பை வலியவர் எடுத்துக்கொள்வது இன்னதென்று அவருக்கும் தெரிந்துதான் போயிற்று. ஆயினும் அவருக்கு வழக்காட ஒரு நீதிமன்றம் இருந்தது. தீர்த்தமலை உலைக்காரன் எங்கே போய் முறையிடுவான்?

ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மை வேண்டுமென்று தமிழ்நாடு சட்டம் இயற்றியது 1998-இல். அதை வெறும் குமாஸ்தா வேலை என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்களை ஒருமுறை அரூர் வழியாகத் தீர்த்தமலைக்குப் போய்வரச் சொல்வோம். இரும்புக்கல் அங்கே இன்னும் இருக்கிறது. அந்த உலைகள் இல்லை.