கூண்டில் நிற்பவரின் ஐயம்

காவலறையில் இருந்த சிப்பாய் ஒருவர், மேலவர் பணித்தும் உணவு உண்ண மறுத்தார். அது 1985ஆம் ஆண்டு. கீழ்ப்படியாமைக் குற்றத்துக்காகச் சுருக்கமுறைப் படைநீதிமன்றம் கூடி, அவருக்கு ஓராண்டுக் கடுங்காவலும் பணிநீக்கமும் விதித்தது. கட்டளை அதிகாரி தம்மைத் துன்புறுத்துவதாக அவர் முன்னரே மேலிடத்துக்கு நேரே முறையிட்டிருந்தார். அவ்வாறு முறையிட்டதே குற்றமாகி 28 நாள் தண்டனையும் பெற்றிருந்தார். அந்த அதிகாரியே இப்போது அவரை விசாரிக்க அமர்ந்திருந்தார்.

1987இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கி, அவரை முழுப் பயன்களுடன் பணியில் அமர்த்த ஆணையிட்டது. இன்னார் உன்னை விசாரிப்பதில் மறுப்பு உண்டா என்று அவரைக் கேட்காததே விசாரணையின் வேரை அறுத்துவிட்டது என்றது. நீதிபதி எம்.என்.வெங்கடாசலையா அன்று வகுத்த நெறி இதுதான்: நான் சார்புடையவனா என்று நீதிபதி தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்வது போதாது, எதிரே நிற்பவரின் நெஞ்சில் எழும் அச்சம் நியாயமானதா என்று பார்க்க வேண்டும்.

நெறி உண்டு, நடைமுறை எங்கே? தமக்குச் சொந்தத் தொடர்புள்ள வழக்கை நீதிபதி விசாரிக்கலாகாதெனச் சட்டம் தடுக்கிறது. அதற்கப்பால், விலகுவதும் விலகாததும் அவரவர் மனச்சான்றைப் பொறுத்தது. படைநீதிமன்றத்தில் கேட்டிருக்க வேண்டிய அக்கேள்வியை நம் மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் எவரும் கேட்பதில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இக்குறையைத் தீர்க்கவில்லை. வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றக் கோரி மனுச் செய்யலாம்தான். பிணைக்கு ஆள் தேட வழியின்றிச் சிறையில் கிடப்பவர் அதை எங்ஙனம் செய்வார்? செய்து தோற்றால், தாம் குறைகூறிய அதே நீதிபதியின் முன்னர்த்தான் மீண்டும் கைகட்டி நிற்க வேண்டும். வாய் திறவாதிருப்பதே நலம் என்று வழக்கறிஞரே அறிவுரை கூறினால் அதில் வியப்பென்ன?

வலியவர் பக்கமும் தராசு சாயும். முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவின் சொத்துக்குவிப்பு வழக்கில் 76 சாட்சிகள் மறுபடி அழைக்கப்பட்டு, 64 பேர் முன்சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வழக்கறிஞர் அவர்களைப் பிறழ்சாட்சிகளாக அறிவிக்கவும் முயலவில்லை. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கைச் சென்னையிலிருந்து கர்நாடகத்துக்கு மாற்றியது. மாற்றக் கோரி மனுச் செய்தவர் தி.மு.க. பொதுச்செயலாளர் க.அன்பழகன். பெயரறியாத ஒரு விசாரணைக் கைதியால் அவ்வளவு தொலைவு சென்றிருக்க இயலுமா?

வழக்கை இழுத்தடிக்கவும், உகந்த நீதிபதியைத் தேடிப் பிடிக்கவும் இவ்வுரிமையைக் கருவியாக்குவோர் உளர். அவர்களைக் காட்டி ஏனையோரின் வாயை அடைப்பது முறையன்று. விசாரணை தொடங்குமுன் மறுப்பு உண்டா என்று கேட்டு விடையைப் பதிவு செய்தல் வேண்டும். அம்மறுப்பை வேறொரு நீதிபதி குறித்த நாளுக்குள் காரணம் கூறி முடித்தல் வேண்டும். இதற்காக நாடாளுமன்றத்தை எதிர்நோக்கிக் காத்திருக்கத் தேவையில்லை. உயர் நீதிமன்றங்கள் தம் குற்றவியல் நடைமுறை விதிகளில் இவ்வொரு விதியைச் சேர்க்கட்டும். சென்னை உயர் நீதிமன்றம் இதில் முந்துமாறு வேண்டுகிறோம்.