ரூம் போட்டு யோசிப்போம்: ஆலங்குளத்துக்கு வந்த கப்பல்!

போன வாரம் ஆலங்குளத்துல ஒரு காலேஜ் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். மாடியில புது ரூம். வெள்ளைச் சுவர், நீலக் கதவு. "அண்ணே, அமெரிக்கக் கடற்கரை வீடு ஸ்டைல்! சுவர் பூரா பழைய பாய்மரக் கப்பல் படமா மாட்டப் போறேன்"னான். கேட்டுக்கிட்டிருந்த ஆச்சி, "கடலப் பாக்கணும்னா நாம பஸ் ஏறணும். இவன் கடல வீட்டுக்கே கொண்டாரான்"னு சிரிச்சாங்க.

சிரிக்காதீங்க பாஸ், ஐடியா நல்ல ஐடியா. அந்தப் படங்கள் பணக்காரங்க சமாச்சாரமே இல்ல. 19-ம் நூற்றாண்டுல நியூயார்க்ல 'கரியர் அண்ட் ஐவ்ஸ்'னு ஒரு அச்சுக் கம்பெனி. ஏழாயிரத்துக்கும் மேல படங்கள் போட்டாங்க. சின்னப் படம் சில சென்ட்டுதான். கல்லச்சுல கறுப்பு வெள்ளையா அடிச்சு, வரிசையா உக்காந்த பெண்கள் ஆளுக்கு ஒரு கலரா கையால தீட்டுவாங்க. ஆலங்குளம் பக்கம் பீடி சுத்துற அக்காக்களுக்கு இந்த வேலையோட அருமை புரியும்! 1854-ல நியூயார்க்லேர்ந்து சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு 89 நாள்ல போய் சாதனை பண்ணின 'ஃபிளையிங் கிளவுட்' கப்பலும் இவங்க படத்துல உண்டு. நமக்கு கோவில்பட்டி கொண்டையராஜு (1898-1976) வரைஞ்ச சாமி படம் சிவகாசி காலண்டரா வீட்டுக்கு வந்த மாதிரி, அவங்களுக்குக் கப்பல் வந்துச்சு.

தம்பி செலக்ட் பண்ணின படம், வின்ஸ்லோ ஹோமர் 1873-76-ல வரைஞ்சது. ஒரு பெரியவர், மூணு பசங்க, காத்துல சாயுற படகு. ஒரிஜினல் வாஷிங்டன் நேஷனல் கேலரியில இருக்கு. ஹோமர் இறந்தது 1910-ல. காப்பிரைட் தொல்லை இல்ல. கேலரியே பெரிய சைஸ் ஃபைலை இலவசமா தருது.

பிரிண்ட் போடப் போறீங்களா? 12-க்கு 18 இன்ச் பளிச்னு வரணும்னா, ஃபைல் 3600-க்கு 5400 பிக்ஸல் இருக்கணும். ஃப்ளெக்ஸ் வேண்டாம், அது பிறந்தநாள் பேனர் மாதிரி ஆயிடும். மேட் பேப்பர் கேளுங்க. சாரல் சீசன்ல சுவர் ஈரம் இழுக்கும். ஃப்ரேமுக்குப் பின்னால நாலு மூலையிலயும் சின்ன ரப்பர் துண்டு ஒட்டினா காத்து போகும், பூஞ்சை வராது. நேர் வெயில் படுற சுவர்ல மாட்டினா கலர் வெளுத்துடும்.

எல்லாம் மாட்டி முடிச்சோம். ஆச்சி அந்தப் படகையே பாத்துக்கிட்டு நின்னாங்க. "எங்க அய்யா தூத்துக்குடியில தோணிக்குப் போனவுக. கொழும்புக்குப் பாய் விரிச்சுப் போவாக. நான் சின்னப்பிள்ளையா கரையில நிப்பேன்..."

தம்பிக்கு இது தெரியவே தெரியாது! "போட்டோ இருக்கா ஆச்சி?"

"போட்டோவா? அய்யா மொகமே எனக்கு மறந்து போச்சுலே."

ரூம் கப்சிப். 1906-ல வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சதைப் பாடத்துல படிச்சு மார்க் வாங்கிட்டோம். அதே துறைமுகத்துல பாய் கட்டின நம்ம வீட்டு ஆளு நம்ம சுவர்ல இல்ல. தோணிக்கெல்லாம் எஞ்சின் வந்து ரொம்ப வருஷமாச்சு. பாய் விரிச்ச கதை தெரிஞ்சவங்க குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க.

தம்பி நடு ஃப்ரேமைக் கழட்டி ஓரத்துக்கு மாத்தினான். நோட்டும் பென்சிலும் எடுத்துட்டு வந்து ஆச்சி பக்கத்துல உக்காந்தான். "பாய் எத்தனை ஆச்சி? என்ன கலரு?" ஆச்சி சொல்லச் சொல்ல வரைஞ்சான். ரெண்டு தடவை அழிச்சான். வெளியே காத்தாடி எல்லாம் சுத்திக்கிட்டு இருந்துச்சு. "இந்தக் காத்து இருந்தாப் போதும்லே, பாய் நல்லா விரியும்"னாங்க ஆச்சி.

ஹோமர் அளவுக்கு வரலதான். ஆனா நடுவுல மாட்டியிருக்கிறது அதுதான்.

உங்க வீட்டு ஆச்சிகிட்ட இந்த வாரம் ஒரு கேள்வி கேளுங்க ஃப்ரெண்ட்ஸ். சுவர் அப்புறம் பாத்துக்கலாம். வர்ட்டா?