சத்தத்துக்கே பேர்போன கார்... சத்தம் வராததால் ரீகால்! டாட்ஜ் சார்ஜர் மீண்டும் பெட்ரோலுக்குத் திரும்பியது ஏன்?

'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' முதல் படத்தில், வின் டீசல் ஓட்டவே பயந்து கேரேஜில் பூட்டி வைத்திருப்பாரே ஒரு கறுப்பு கார்... அதுதான் 1970 மாடல் டாட்ஜ் சார்ஜர்.

நடுத்தர அளவு காரில் பெரிய வி8 இன்ஜினை வைத்து, சாதாரண ஆளும் வாங்குகிற விலையில் விற்பது. 'மசில் கார்' என்றால் அமெரிக்காவில் இதுதான். 1966-ல் வந்த சார்ஜரில் 7 லிட்டர் ஹெமி இன்ஜின் கொடுத்தது 425 குதிரைத்திறன். 1969-ல் பந்தயத்துக்காகவே நீண்ட மூக்கும், பின்னால் உயரமான இறக்கையுமாக 'டேடோனா' வந்தது. 1970 மார்ச்சில் டல்லடேகா ஓடுதளத்தில் பட்டி பேக்கர் அதை மணிக்கு 200 மைலுக்கு மேல், அதாவது 320 கிலோமீட்டரைத் தாண்டி ஓட்டிக் காட்டினார்.

அந்த கெத்து ரொம்ப நாள் நீடிக்கவில்லை. புகைக் கட்டுப்பாடு, எகிறிய இன்சூரன்ஸ், 1973 எண்ணெய் நெருக்கடி எல்லாம் சேர்ந்து அமுக்க, 1978-ல் நின்றது. எண்பதுகளில் அதே பெயரில் வந்த சின்ன காரை ரசிகர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 2006 மாடலில் நாலு கதவுடன் திரும்பியது. 2015 மாடல் 'ஹெல்கேட்' 707 குதிரைத்திறனைத் தொட்டது. மாசு விதிகள் இறுகியதால் 2023 டிசம்பரில் கனடாவின் பிராம்ப்டன் ஆலையில் அதுவும் முடிந்தது.

அடுத்து வந்தது மின்சார சார்ஜர். 670 குதிரைத்திறன், வேகத்தில் குறையில்லை. ஆனால் உறுமல்? அதற்கு ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் வைத்து ஹெல்கேட் அளவுக்கு 126 டெசிபல் வரும் என்றது நிறுவனம். ரசிகர்கள் சிரித்தார்கள். இதில் பெரிய கூத்து என்னன்னா, மெதுவாகப் போகும்போது பாதசாரிகளுக்குக் கேட்க வேண்டிய எச்சரிக்கை ஒலியே சில கார்களில் வராமல் போகலாம் என்று தெரிய வந்தது. அமெரிக்காவில் அந்த ஒலி சட்டப்படி கட்டாயம். பார்வையற்றவர்களுக்கு அது உயிர்ப் பிரச்னை. 2025-ல் 8,000-க்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

அதே ஆண்டு அரசும் திசை மாறியது. எரிபொருள் சிக்கன விதியை மீறினால் கட்ட வேண்டிய அபராதம் பூஜ்ஜியமானது. மின்சார கார்களுக்கான 7,500 டாலர் வரையிலான வரிச்சலுகை செப்டம்பரோடு முடிந்தது. மின்சாரத்துக்கு மாறச் சொன்ன கட்டாயமும் போச்சு, வாங்கத் தூண்டிய சலுகையும் போச்சு.

அந்தச் சூழலில் வந்தது, பெட்ரோலில் 'சிக்ஸ்பேக்' சார்ஜர். 3 லிட்டர், இரட்டை டர்போ, 550 குதிரைத்திறன் வரை. ஆனால் ஆறு சிலிண்டர்தான். அதே குழுமத்தின் ரேம் 1500 பிக்கப்பில் ஹெமி வி8 திரும்பிவிட்டது. அந்த இன்ஜினால் பெயர் வாங்கிய சார்ஜரோ, வி8 இல்லாமல்தான் ஷோரூமுக்கு வந்தது.